350 பாரை அடக்கும் ஸ்பிரிங்

நெடுக்காக வெட்டி வைத்திருக்கும் இது, ஹைட்ரஜன் அழுத்த ரெகுலேட்டர். திண்டுக்கல் வீடுகளில் கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டும் ரெகுலேட்டருக்கு அண்ணன். வேலை ஒன்றுதான், பளுதான் வேறு. ஹைட்ரஜன் பேருந்தின் உருளையில் வழக்கமாக 350 பார் அழுத்தம் இருக்கும். எரிபொருள் கலத்துக்கு வேண்டியதோ ஒரு சில பார்.

நடுவிலுள்ள மெல்லிய வட்டத் தகட்டைப் பாருங்கள். டயாபிரம் என்பது அதுதான். ஸ்பிரிங் மேலிருந்து அழுத்த, தகடு தாழ்ந்து வால்வு திறக்கும். வெளிப்பக்க அழுத்தம் ஏறினால் தகடு ஸ்பிரிங்கை எதிர்த்து எழும். வால்வு தானே மூடிக்கொள்ளும். மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

சமையல் கேஸ் அழுத்தம் குறைந்தால் குளிரும். ஹைட்ரஜனோ, நம் ஊர் வெப்பநிலையில், சற்றே சூடேறும்! மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் நுண்ணிய இடுக்கிலும் கசியும். சிலவகை எஃகை நொறுங்கவும் வைக்கும். உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிச் சாமர்த்தியம்.

இஸ்ரோவும் டாடா மோட்டார்ஸும் உருவாக்கிய ஹைட்ரஜன் பேருந்தை 2013 ஜூலையில் மகேந்திரகிரியில் ஓட்டிக் காட்டினார்கள். ஹைட்ரஜன் உருளைகள் அதன் கூரைமேல் இருந்தன.

தொட்டுப் பார்க்கலாம், மேலுள்ள திருகை மட்டும் திருப்ப வேண்டாம்.