மருந்தும் மருந்தும் கூடுங்கால்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து என்னும் பெயரினது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து இயற்றுபவன் என்பன அந்நான்கு. மருந்து எத்துணைச் சிறந்ததாயினும் ஏனைய மூவரும் தத்தம் கடமையில் வழுவாதிருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். வகுப்பறையிலே இக்குறளைப் பயிலும் இளைஞர் அதனை எளிதிற் கடந்து செல்வர். ஐம்பது வயதைத் தாண்டிய பழைய மாணவர்க்கோ அது நாள்தோறும் உணவு மேசையில் எதிர்ப்படுஞ் செய்தியாகும்.

கொலஸ்ரரோலுக்கு ஒரு குளிசையும் ரைகிளிசரைட்டுக்கு வேறொரு குளிசையும் ஒருங்கே உட்கொள்வோர் நம்மிடையே உளர். இவ்விரண்டையும் சேர்த்து உட்கொள்ளுதல் தீங்கற்றதோ என்னும் வினாவை ஈண்டு ஆராய்வோம். யாம் மொழி பயிற்றுவோமேயன்றி மருத்துவம் பயின்றோமல்லோம். ஆதலின் எவர்க்கும் மருந்து வகுத்தல் எமது நோக்கமன்று. ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்ட செய்திகளைத் தொகுத்துரைத்து, வைத்தியரிடம் கேட்கவேண்டிய வினாக்களைத் தெளிவுறக் கேட்பதற்கு அன்பர்களுக்குத் துணைசெய்தலே நோக்கமாகும்.

முதற்கண் இவ்விரு கொழுப்புப் பொருள்களின் இயல்பை நோக்குவோம். கொலஸ்ரரோல் உடலுக்கு வேண்டாத பொருளன்று. உயிரணுக்களின் சவ்வுகளை ஆக்குதற்கும் பித்த உப்புக்களை ஆக்குதற்கும் அது இன்றியமையாதது. அதன் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கின்றது. அத்தொழிலில் ஈரலுக்குச் சிறப்பிடம் உண்டு. ஆயின், அதனைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். என்னும் துணிக்கைகள் குருதியில் மிகுமாயின் நாடிகளின் உட்சுவரில் அது படிந்து, மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழிகோலும். ரைகிளிசரைட்டு என்பது உடல் தன் எரிபொருளைச் சேமித்து வைக்கும் கொழுப்பாகும். வெறுவயிற்றில் எடுத்த குருதியில், டெசிலீற்றருக்கு 150 மில்லிகிராமுக்குக் குறைவாக அது இருத்தல் இயல்பு எனக் கொள்வர். 500ஐத் தாண்டினால், அதிலும் 1000ஐத் தாண்டினால், சதையி அழற்சியுற்று உயிருக்கே இடர் நேரக்கூடும். எனவே இரண்டும் கொழுப்பாயினும் ஒன்றல்ல. அவற்றுக்குரிய மருந்துகளும் ஒன்றல்ல.

கொலஸ்ரரோலைக் குறைக்கும் மருந்துகளுள் முதன்மை பெற்றவை ஸ்ரற்றின் வகையின. யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஆறாயிரம் அளவிலான பூஞ்சணங்களை ஆராய்ந்து, 1973ஆம் ஆண்டில் இவ்வகையின் முதற்பொருளைக் கண்டறிந்தார். அது நீலப் பூஞ்சணம் ஒன்றினின்றும் பெறப்பட்டதாகும். 1987இல் லோவாஸ்ரற்றின் என்பது அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று சிம்வாஸ்ரற்றின், அற்றோர்வாஸ்ரற்றின், ரொசுவாஸ்ரற்றின் முதலியன வழக்கில் உள்ளன. ஈரலில் கொலஸ்ரரோல் ஆக்கப்படுதற்கு வேண்டிய நொதியம் ஒன்றை இவை தடுக்கின்றன. ஆக்கம் குறையவே, ஈரல் தனக்கு வேண்டியதைக் குருதியிலிருந்து ஈர்த்துக்கொள்கின்றது, குருதியில் எல்.டி.எல். குறைகின்றது. ரைகிளிசரைட்டைக் குறைத்தற்குப் பெரிதும் வழங்குவன பைபிறேற்று வகை மருந்துகள். அவற்றுள் ஜெம்பைபிறோசில், பெனோபைபிறேற்று என்னும் இரண்டும் அறியத்தக்கன.

ஒரு மருந்து ஒரு கொழுப்பைக் குறைக்க, மற்றொரு மருந்து மற்றொரு கொழுப்பைக் குறைக்குமாயின், இரண்டையும் கூட்டினால் இருமடங்கு நன்மை விளையும் என்று எண்ணுதல் இயற்கையே. ஆயின் உடல் கணக்குப் புத்தகமன்று. இதனை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்ற வரலாறு ஒன்று உண்டு.

செரிவாஸ்ரற்றின் என்னும் மருந்தை ஜேர்மனியின் பேயர் நிறுவனம் 1997இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை ஜெம்பைபிறோசிலுடன் சேர்த்து உட்கொண்டோர் சிலருக்குத் தசைகள் சிதைந்தழியும் கொடுநோய் கண்டது. சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் குருதியிற் கலந்து சிறுநீரகங்களை அடைய, அவை செயலிழக்கும், உயிரும் பிரியக்கூடும். 1999ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், இவ்விரண்டையும் சேர்த்து வழங்கலாகாது என்னும் விலக்கு அமெரிக்காவில் அம்மருந்தின் விளக்கத் தாளில் அச்சிடப்பட்டது. அச்சிட்ட பின்னரும் சேர்த்து வழங்குதல் நின்றுவிடவில்லை. 2001ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நிறுவனம் அம்மருந்தைச் சந்தையினின்றும் மீட்டுக்கொண்டது. அவ்வேளையில் அமெரிக்காவில் மட்டும் அதனோடு தொடர்புற்ற மரணங்கள் 31 எனப் பதிவாகியிருந்தன; அவற்றுள் 12 பேர் ஜெம்பைபிறோசிலையும் உட்கொண்டவர்கள்.

இக்கேடு விளைந்த வகையைப் பின்னர் ஆய்வாளர் தெளிவாக்கினர். செரிவாஸ்ரற்றினைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதியம் ஒன்றை ஜெம்பைபிறோசில் தடுத்துவிடுகின்றது. ஸ்ரற்றின் ஈரலினுட் புகும் வாயிலையும் அது அடைக்கின்றது. அதனால் உட்கொண்ட அளவு கூடாதிருக்கவும், குருதியில் அம்மருந்தின் அளவு ஐந்து மடங்குக்கும் மேலாக உயர்கின்றது. வன்னிக் குளங்களை அறிந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். வரும் நீர் வழமையான அளவினதேயாயினும், கலிங்கு அடைபடின் அணைக்கட்டு உடைபடும் அன்றோ?

இதனால் எல்லாச் சேர்க்கையும் தீது என்று முடிவு கட்டலாகாது. எம்மருந்தோடு எம்மருந்து என்பதே வினா. ஜெம்பைபிறோசிலும் சிம்வாஸ்ரற்றினும் சேர்ந்து வழங்குதல் விலக்கப்பட்டுள்ளது. பெனோபைபிறேற்றோ மேற்கூறிய கலிங்கை அவ்வாறு அடைப்பதில்லை. நீரிழிவுடைய 5,518 பேரை வைத்து நடாத்தி 2010இல் வெளியிட்ட அக்கோட் என்னும் ஆய்விலே, ஒரு சாரார்க்குச் சிம்வாஸ்ரற்றினுடன் பெனோபைபிறேற்றும், மறு சாரார்க்குச் சிம்வாஸ்ரற்றினுடன் மருந்தற்ற போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன. கடுந்தசைக் கேடு இரு சாராரிடத்தும் அரிதாகவே காணப்பட்டது. ஆதலின் ஸ்ரற்றினோடு பைபிறேற்று வேண்டப்படுமிடத்து வைத்தியர் பெரும்பாலும் பெனோபைபிறேற்றையே தெரிந்தெடுப்பர். அதுவும் சிறுநீரகத்தால் வெளியேறும் மருந்தாதலின், சிறுநீரகம் நலிந்தோர்க்கு அளவைக் குறைத்தலோ தவிர்த்தலோ வேண்டும்.

தீங்கின்மை ஒருபுறமிருக்க, நன்மை உண்டோ என்பதும் கேட்கற்பாலது. அக்கோட் ஆய்வில், பெனோபைபிறேற்றைச் சேர்த்ததனால் மாரடைப்பு முதலியன குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பெமாபைபிறேற்று என்னும் புதிய மருந்தைக் கொண்டு 10,497 பேரிடம் நடாத்தி 2022இல் வெளியிட்ட ஆய்விலும், ரைகிளிசரைட்டு காற்பங்களவு குறைந்தது. மாரடைப்பும் பாரிசவாதமும் குறையவில்லை. நயாசின் என்னும் விற்றமினைப் பெரும் அளவில் ஸ்ரற்றினோடு சேர்த்த ஆய்வுகளும் நற்பயன் தரவில்லை. மறுதலையாக, எசெற்றிமைப் என்னும் மருந்தைச் சிம்வாஸ்ரற்றினோடு சேர்த்து, இருதய நோயாளர் 18,144 பேரிடம் நடாத்திய ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. ஏழாண்டளவில், நூற்றுக்கு ஏறக்குறைய இருவர் மாரடைப்பு முதலிய இடர்களினின்றும் காக்கப்பட்டனர், தசைக்கேடு மிகவில்லை. பரிசோதனைத் தாளில் ஓர் எண் இறங்குதல் வேறு, நோய் விலகுதல் வேறு என்பது இவற்றாற் புலனாகும். எனினும் ரைகிளிசரைட்டு மிக உயர்ந்தோர்க்குச் சதையியைக் காத்தற்பொருட்டுப் பைபிறேற்று வேண்டப்படலாம். அவர்க்கு அஃது எண்ணைத் திருத்தும் முயற்சியன்று. உயிரைக் காக்கும் முயற்சியாகும்.

கொழுப்பு மருந்துகள் தம்முட் கூடும்போது மட்டுமன்றிப் பிற மருந்துகளோடு கூடும்போதும் இடர் உண்டு. கிளரித்றோமைசின், எரித்றோமைசின் ஆகிய கிருமி மருந்துகளும், பங்கசு நோய்க்குரிய சில குளிசைகளும் சிம்வாஸ்ரற்றினோடு சேரலாகாதன. குருதியழுத்தத்துக்குப் பலரும் உட்கொள்ளும் அம்லோடிபினோடு சேருங்கால், சிம்வாஸ்ரற்றின் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி. இருமலுக்கு வேறொரு வைத்தியரை நாடுபவர், தாம் நெடுநாள் உட்கொள்ளும் குளிசையைச் சொல்லாது விடுதல் எத்துணைப் பிழை என்பதை இது காட்டும்.

இதனோடொட்டி மருந்துப் பெயர்களைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். கனடாவிலும் இலண்டனிலுமிருந்து விடுமுறைக்கு வரும் பழைய மாணவர், அங்கு பெற்ற குளிசையோடு இங்கு வாங்கிய குளிசையையும் உட்கொள்ளுதல் கூடும். மேலட்டையில் வணிகப் பெயர் வேறாயிருப்பினும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாயிருக்கலாம். 1971இல் நிறுவப்பெற்ற, மருந்துக்கான அரச கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவராய் விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை வணிகப் பெயராலன்றிப் பொதுப்பெயராலேயே வழங்குதல் வேண்டும் என்று பாடுபட்டார். அது விலை குறைதற்கு மட்டுமன்று, இத்தகைய மயக்கத்தைத் தவிர்த்தற்கும் உதவும். சீனநாட்டுச் செந்நொதி அரிசி என விற்கப்படும் பொருளிலும் லோவாஸ்ரற்றினை ஒத்த அதே பொருளே உண்டு. இயற்கைப் பொருள் தானே என்று அதனை ஸ்ரற்றினோடு சேர்ப்பவர் ஒரே மருந்தை இருமுறை உண்பவராவர்.

இனி, நோயாளி தானே கவனிக்கவேண்டிய குறிகளைக் கூறுவோம். காரணமின்றித் தொடையிலும் தோளிலும் நோவு, படியேற இயலாத தளர்ச்சி, சிறுநீர் கடுந்தேயிலைச் சாயம்போற் கறுத்தல் என்பன தோன்றின் காலந்தாழ்த்தாது வைத்தியரிடஞ் செல்லல் வேண்டும். கறுத்த சிறுநீர் கண்டவர் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். குருதியில் கிரியற்றின் கைனேசு என்னும் நொதியத்தை அளந்து தசைக்கேட்டை அறிவர். முதியோர், மெலிந்த உடலினர், சிறுநீரகமோ ஈரலோ நலிந்தோர், தைரொயிட்டுக் குறைபாடுடையோர், மது மிக அருந்துவோர் ஆகியோர் கூடுதலாக விழிப்புற்றிருத்தல் வேண்டும்.

ஆயின் அச்சத்தால் மருந்தைத் தாமே நிறுத்துதலும் ஆகாது. ஸ்ரற்றின் உண்போர் கூறும் தசைநோவுகளுட் பெரும்பாலானவை அம்மருந்தால் விளைந்தனவல்ல என்று 2022இல் வெளியான பெருந்தொகுப்பாய்வு காட்டிற்று. கடுந்தசைக் கேடு மிக அரிது; மாரடைப்போ அரிதன்று. ஒரு முறை மாரடைப்பு வந்து தப்பியவர், அயலார் சொற்கேட்டுக் குளிசையைக் குப்பையில் இடுவாராயின், சிறிய இடருக்கு அஞ்சிப் பெரிய இடரைத் தேடிக்கொண்டவராவர்.

செரிவாஸ்ரற்றின் வரலாற்றில் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. எழுதியது உரியவரைச் சென்று சேரவில்லை. அச்செய்தி சென்று சேர்தற்குப் பழைய மாணவர் செய்யக்கூடியது சிறியது. தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பொதுப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. எவ்வைத்தியரைக் கண்டாலும், மருந்துக்கடையில் எதனை வாங்கினாலும் அதனைக் காட்டுக. புதிய குளிசை ஒன்று தரப்படுமிடத்து, முன்னையவற்றோடு அது பொருந்துமோ, அதனால் எமக்கு விளையும் நன்மை யாது என்று தயங்காது கேட்க. மாணவர்காள், நும் இல்லத்துப் பாட்டனாரும் பாட்டியாரும் உட்கொள்ளும் குளிசைகளின் உறையில் உள்ள ஆங்கிலப் பெயர்களை அவர்கள் படித்தறிய இயலாதிருக்கலாம். நீவிர் அவற்றைப் படித்து, பிழையற எழுதிக் கொடுங்கள். உடனிருந்து மருந்து இயற்றுபவன் என்று வள்ளுவர் வைத்த இடம் பல இல்லங்களில் இன்று வெறுமையாய்க் கிடக்கின்றது, அவ்விடம் நும்முடையதாகுக.