அங்கே மைனஸ் 1... இங்கே 255!
ஒரே புரோகிராம், இரண்டு கணக்கு

அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். இந்தப் பக்கம் தமிழ், தெலுங்கு. ஒரே விஷயத்தை மூன்று பாஷையில் சொல்லிப் பழகியவர்கள் ஓசூர்க்காரர்கள்.

இங்கே தயாராகும் மின்சார ஸ்கூட்டருக்குள்ளும் இதே கதைதான்!

ஸ்கூட்டரில் குட்டி 'சிப்' உண்டு. அதற்கான புரோகிராமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'சி' மொழியில் எழுதுவார்கள். அதை அந்தச் சிப்பின் பாஷைக்கு மாற்றித் தருவது 'கம்பைலர்'.

"ஆபீஸ்ல நல்லா ஓடிச்சே, சார்!" என்ற புலம்பல் பிறக்கும் இடம் இதுதான்.

'சி' மொழியில் 'கேரக்டர்' என்று ஒரு சின்னப் பெட்டி. அதில் மைனஸ் 1 போடுகிறோம். ஆபீசில் உள்ள இன்டெல் கம்ப்யூட்டரில் மைனஸ் 1தான் இருக்கும். 'ஆர்ம்' ரக சிப்பில் வழக்கமாக அது 255 ஆகிவிடும்!

"மைனஸ் 1 வந்தால் நில்" என்று எழுதியிருந்தால்? புரோகிராம் நிற்கவே நிற்காது. ஓடும் வண்டியில் இது விளையாட்டா?

கம்பைலர் மேல் குற்றமில்லை. மொழியின் விதியே அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. மருந்து ஒரே வார்த்தை. முன்னால் 'சைன்டு' என்று சேர்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு.

1987-ல் அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன் 'ஜி.சி.சி.' கம்பைலரை வெளியிட்டார். காசு வேண்டாம், யாரும் திருத்தலாம். பலர் கை வைத்துத் திருத்தியதால் பல சிப்களின் பாஷை அதற்கு அத்துப்படி. 2017-ல் 'ரிஸ்க்-5' ரகமும் சேர்ந்தது. 2018-ல் அந்த ரகத்தைச் சேர்ந்த, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' சிப்பில் லினக்ஸ் ஓடியது.

சொந்தச் சிப் செய்தால் மட்டும் போதாது. பாஷை மாறினாலும் கணக்கு மாறாமல் பார்க்க ஆள் வேண்டும்!