மலைப்பாதையில் குழந்தை அழுதால் மடியில் எடுக்கலாமா?

தேனியிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு வழியாகப் பள்ளிவாசலுக்குக் காரில் செல்லும் பெற்றோருக்குச் சோதனை, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் தொடங்குகிறது. அதுவரை உறங்கிய குழந்தை அங்கு விழித்து அழும். உடனே இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கின்றனர். ஆபத்து இங்குதான். திடீரென பிரேக் பிடித்தால், எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும் குழந்தை கையை விட்டு நழுவிவிடும்.

14 வயதுக்கு உட்பட்டோரை சீட் பெல்ட் அல்லது குழந்தை இருக்கையால் பாதுகாக்காவிட்டால் ரூ.1,000 அபராதம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். கேரளத்தில் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கும் அறிவிப்பு 2024 அக்டோபரில் வெளியானது. ஆனால் அபராதம் விதிக்கப்போவதில்லை என்று போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ் குமார் உடனடியாகத் தெரிவித்தார். ஆகவே முடிவு பெற்றோர் கையில்தான் உள்ளது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிது. பசி, புழுக்கம், சலிப்பு ஆகியவையே பெரும்பாலும் அழுகைக்குக் காரணம். அந்த வயதைக் கடந்தவர்களுக்கு வாந்தி வரலாம். உட்செவி அசைவை உணர்கையில் கண்கள் அசையாத கைப்பேசித் திரையில் நிலைத்திருந்தால் குமட்டல் அதிகரிக்கும். ஆதலால் வளைவுகளில் கைப்பேசியைத் தவிர்த்து, ஜன்னலைச் சற்றுத் திறந்து, தொலைவிலுள்ள மலைமுகட்டைக் காட்டலாம். திரும்புகையில் போடிக்கு இறங்கும்போது காது அடைத்தும் குழந்தை அழும். சில மிடறு தண்ணீர் விழுங்கினால் அடைப்பு நீங்கும்.

பாலூட்ட வேண்டுமெனில் காரை ஓரமாக நிறுத்துவதே முறை. மலையேறுமுன் போடியில் ஒருமுறை, பின்னர் பூப்பாறையில் ஒருமுறை கால் மணி நேரம் இறக்கி நடக்கவிட்டால், குழந்தை மீண்டும் இருக்கையில் அமர அவ்வளவாக அடம்பிடிக்காது.