‘ஒரு விளம்பரம் வரட்டும்... போயிக்கிறேன்!’

“வைத்தியரய்யா, மூணு மாசத்துல இது மூணாவது தடவை. ஒண்ணுக்குப் போனா ஒரே எரிச்சல்!”

உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பரிசோதனையில் சிறுநீரில் கிருமித் தொற்று தெரிந்தது. சர்க்கரை இல்லை, கல்லும் இல்லை.

“தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?”

“குடிக்கிறேன்யா.”

“வந்தவுடனே போயிடுறீங்களா?”

அம்மா தயங்கினார். கூட வந்திருந்த மகள் முந்திக்கொண்டாள். “எங்கே சார் போறாங்க? சாயங்காலம் ஆறரைக்கு டி.வி. முன்னால உக்காந்தா எந்திரிக்க பத்தரை ஆயிடும். கேட்டா, ‘ஒரு விளம்பரம் வரட்டும், போயிக்கிறேன்’பாங்க.”

“விளம்பரம் வந்தா மட்டும் போக விடுறீங்களாக்கும்?” என்று அம்மா திருப்பிக் கேட்டார். “அதுக்குள்ள தோசையைத் திருப்பணும், உங்கப்பாவுக்குத் தண்ணி குடுக்கணும். வந்து உக்கார்றதுக்குள்ள கதை ஆரம்பிச்சிடுது!”

மூவருமே சிரித்துவிட்டோம். ஆனால், நோயின் காரணம் அந்தப் பேச்சிலேயே இருந்தது.

உடம்பு கூப்பிடும் பதினான்கு அழைப்புகள்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் மனப்பாடம் செய்த பாடங்களில் ஒன்று ‘பதினான்கு வேகங்கள்’. வேகம் என்றால் இங்கே ஓட்டம் அல்ல. உடம்பு தானாக விடுக்கும் அழைப்பு. சிறுநீர், மலம், பசி, தாகம், கொட்டாவி, தூக்கம், தும்மல், இருமல், கண்ணீர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றை வலிய அடக்காதே, அடக்கினால் நோய் வரும் என்று சித்தர்கள் சொல்லிவைத்தார்கள். அவர்கள் காலத்தில் சீரியல் கிடையாது. ஆனால், சீரியல் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை!

தொடர் பார்ப்பது நோயில்லை. தொடருக்காக உடம்பின் அழைப்பை, ‘அப்புறம் வா’ என்று திருப்பி அனுப்புகிறோமே, நோய் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வருஷத்துக்கு ஒரு ராத்திரி

கம்பம் பள்ளத்தாக்கில் கண்விழித்துக் கதை பார்ப்பது புதிதில்லை. ஊர்த் திருவிழா என்றால் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம். மறுநாள் பகல் முழுக்கத் தூங்கினோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு ராத்திரிதானே, உடம்பு பொறுத்துக்கொண்டது.

1987-ல் தூர்தர்ஷனில் ‘ராமாயணம்’ வந்தபோது நான் பள்ளி மாணவன். ஒரு வார்த்தை இந்தி தெரியாது. ஆனாலும், ஞாயிறு காலையில் டி.வி. இருக்கும் வீட்டில் தெருவே கூடிவிடும். வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் காலை நேரம். அதனால் தூக்கமும் கெடவில்லை, சாப்பாடும் கெடவில்லை.

1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. 1999 கடைசியில் ஆரம்பித்த ‘சித்தி’ இரவு நேரத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு ‘மெட்டி ஒலி’. 2003-ல் தொடங்கிய ‘கோலங்கள்’ 2009 வரை 1,500 பாகங்களுக்கு மேல் ஓடியது. 2008-ல் அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா ‘தெக்கத்திப் பொண்ணு’ எடுத்ததும் நம்ம ஊர்ப் பேச்சே சீரியலில் கேட்டது. இப்போது கைபேசியிலேயே கொரியா, ஸ்பெயின் தொடர்கள் தமிழ் பேசுகின்றன!

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1930களில் பகல் நேர வானொலித் தொடர்களுக்குச் சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்தன. அதனாலேயே ‘சோப் ஓபரா’ என்று பெயர் வந்தது. விளம்பரம் வரும்வரை எழுந்திருக்கவிடாமல் உட்கார்த்தி வைப்பதுதான் அன்றைக்கே அதன் வேலை. துருக்கித் தொடர்களில் ஒரு பாகமே இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதுண்டு. 2017-ல் நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தின் தலைவர், தங்களுக்குப் போட்டி மக்களின் தூக்கம்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

எனக்குப் பிடித்தது ஜப்பான்காரர் வழி. 1983-84-ல் அங்கே ஒளிபரப்பாகி, பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போன ‘ஓஷின்’ தொடர், காலை வேளையில் பதினைந்தே நிமிடம்! பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடலாம். அதற்காக யாரும் அழுத்தமாகக் கதை சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். உலகத்தையே அழவைத்த தொடர் அது.

அடக்கினால் என்ன ஆகும்?

சிறுநீர்: நெடுநேரம் அடக்கினால் பையில் தங்கும் நீரில் கிருமி பெருக வழியாகிறது. நீர்க்கடுப்பும், அடிவயிற்று வலியும் வரலாம். குளிர்காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரில் ரத்தம் என்று எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பசி: ஏழரைக்குப் பசித்த வயிற்றுக்கு முதலில் முறுக்கும் மிக்சரும், பத்தரைக்குச் சோறும் போடுகிறோம். கண் கதையில் இருந்தால், கை எவ்வளவு எடுத்தது என்று வயிற்றுக்கே தெரியாது. சாப்பிட்டதும் படுத்தால் எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது இன்னும் ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.

தூக்கம்: கொட்டாவி என்பது உடம்பு அடிக்கும் முதல் மணி. தேனியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி, தினமும் தலைவலி, கண்ணெரிச்சல் என்றாள். விசாரித்தால், ராத்திரி இரண்டு மணிவரை கொரியத் தொடர்! ஒரு பாகம் முடிந்த கையோடு அடுத்தது தானாகவே ஆரம்பித்துவிடுகிறதாம். திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, கண் உலர்கிறது. ராத்திரியில் திரை வெளிச்சம் தூக்கத்தையும் தள்ளிவைக்கிறது. நான் மருந்து எதுவும் எழுதவில்லை. தானாக ஓடும் வசதியை நிறுத்தி, கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் தலைவலி குறைந்தது.

கண்ணீர்: ‘சீரியலைப் பார்த்து அழுவுறாங்க’ என்று வீட்டுப் பெண்களைக் கேலி செய்கிறோம். கண்ணீரும் அந்தப் பதினான்கில் ஒன்று என்பதை மறந்துவிடுகிறோம். இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான்.

நான் எழுதிய தப்பான சீட்டு

சின்னமனூர்ப் பக்கம், எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். ரத்த அழுத்தம், முழங்கால் வீக்கம், தூக்கமின்மை. விடுமுறைக்கு வந்த மகன், “எந்நேரமும் சீரியல் பார்த்து அழுறாங்க டாக்டர். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க” என்றார். நானும், “அம்மா, இன்னையிலேர்ந்து டி.வி.யை மூடிடுங்க. அதான் மருந்து” என்று அதட்டலாகவே சொல்லிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். சொன்னபடி டி.வி.யை மூடியிருந்தார். ஆனால், உடம்பு பாதியாகிவிட்டது. வாய்க்கு ருசியில்லை. தூக்கம் முன்னைவிட மோசம்.

“ஏம்மா சாப்பிடலை?”

“யாருக்காகய்யா சமைக்கிறது? அது ஓடுறப்ப வீட்டுக்குள்ள நாலு பேரு பேசுற சத்தமாச்சும் கேட்டுச்சு. எனக்குன்னு அழுதா பிள்ளைங்க பயந்துக்கும். அந்தக் கதைப் பொண்ணுக்காக அழுதா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷ அனுபவம் என்று பெயர். ஆனால், நாடி பிடித்த நான் அந்தத் தனிமையைப் பிடிக்கத் தவறியிருந்தேன். ஒரு வேகத்தை அடக்காதே என்று சொல்ல வேண்டியவனே, அழுகையை அடக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்!

பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அது உங்களுக்கும் பயன்படும்:

• எல்லாவற்றையும் விட வேண்டாம். மனசுக்குப் பிடித்த இரண்டு தொடர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

• தொடர் ஆரம்பிக்கும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தட்டு டி.வி. முன்னால் போகக் கூடாது.

• சிறுநீர் வந்தால் விளம்பரத்துக்குக் காத்திருக்காதீர்கள். விட்ட காட்சியைப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

• விளம்பர இடைவேளை சமையலுக்கல்ல, எழுந்து நடப்பதற்கு. வீட்டு ஆண்களே, அந்த நேரத்தில் தண்ணீரை நீங்களே எடுத்துக்குங்க!

• இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் இருப்பதைப் பாருங்கள். வேண்டுமென்றே நன்றாகக் கண் சிமிட்டுங்கள்.

• படுக்கப்போகும் ஒரு மணி நேரம் முன்பாவது திரையை அணைத்துவிடுங்கள். உள்ளங்காலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டுப் படுக்கலாம். வழுக்கும், தேய்த்ததும் நடக்காதீர்கள்.

• ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• தொடர் முடிந்த பிறகும் அழுகை நிற்கவில்லை, எதிலும் நாட்டமில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மனநல மருத்துவரைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதினேன்: ‘தனியாகப் பார்க்கக் கூடாது.’ எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டார். மகனிடம், தொடர் முடிந்ததும் தினமும் போனில் அன்றைய கதையைக் கேட்கச் சொன்னேன். முதலில் சிரித்தார்; பிறகு கேட்க ஆரம்பித்தார்.

மூன்று மாதம் கழித்து வந்த அம்மாவின் முகத்தில் தெளிச்சி தெரிந்தது.

“சாப்பாடு எப்படிம்மா?”

“ரெண்டு பேருக்குச் சேத்துப் பொங்குறேன்யா. எதிர்வீட்டம்மாவும் இங்கனதான் சாப்பிடுது. ஏழரைக்கே முடிச்சிடுறோம்.”

“இப்பவும் அழுறீங்களா?”

“அழுவாம?” என்று சிரித்தார். “இப்ப ரெண்டு பேரா அழுவுறோம்!”