ஒரு நகரின் சுத்தபோசனம்

ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் இரு சொற்களை இன்றைய நம் இளைஞர் பலர் அறியார். நம் பாட்டிமார் நன்கு அறிவர். ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்பது ஒருசந்தி. இறைச்சியை விலக்கி உண்பது சுத்தபோசனம். சிறுவயதில் திருச்சபைக் கட்டளைகளை ஒப்பித்தபோது இவற்றையும் சேர்த்தே ஒப்பித்தோம். பொருள் விளங்கிற்றா என்பது வேறு கேள்வி. அதை எனக்கு அண்மையில் விளக்கியவர்கள் பௌத்தப் பெண்கள் இருவர். இடம், வியட்நாம் நாட்டின் ஹோ சி மின் நகரத்துத் தெருவோரம்.

முன்னாளில் சைகோன் என்றும், 1976 முதல் ஹோ சி மின் நகரம் என்றும் வழங்கும் அந்தப் பெருநகருக்கு நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். பயணிகளைக் கால்நடையாக அழைத்துச் சென்று தெருவோர உணவுகளை அறிமுகப்படுத்தும் வழிகாட்டிகள் அங்கே உண்டு. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேராத தாவர உணவை மட்டுமே காட்டும் மாலை நடை ஒன்றில் நண்பர் என்னைச் சேர்த்துவிட்டார். நாங்கள் ஆறு பேர். வழிகாட்டியாக வந்தவர் கல்லூரி முடித்த ஓர் இளம்பெண். “எங்கள் மொழியில் உங்களைப் ‘பாக்’ என்று அழைக்க வேண்டும். பெரியப்பா என்று பொருள்” என்றார். அந்நிய நாட்டில் ஒரு மகள் கிடைத்தாள் என்று மகிழ்ந்தேன்.

“இன்று நல்ல நாளில் வந்தீர்கள். பௌர்ணமி” என்றார் அவர்.

பலகையில் ஒரு சொல்

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வியட்நாமியப் பௌத்தக் குடும்பங்கள் பல புலால் உண்பதில்லை. நம் நாட்டில் அமாவாசை, பௌர்ணமியில் விரதம் காப்போரை நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் பன்றி இறைச்சியும் நண்டும் விற்கும் தெருக்கடைகளில் சில, அந்த இரு நாள்களும் கழுவிய பானையில் காய்கறிச் சாறு காய்ச்சுகின்றன. வண்டியின்மேல் ஒரு பலகை ஏறுகிறது. அதில் ஒரே சொல்: ‘சாய்’.

அந்தச் சொல்லை என்னால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. வியட்நாம் மொழி இன்று இலத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதற்கு வழி வகுத்தவர்கள் இயேசு சபைக் குருக்கள். அவர்களுள் அலெக்சாந்தர் தெ ரோட்ஸ் அடிகளார் தொகுத்த அகராதி 1651இல் உரோமையில் அச்சேறியது. இன்று பௌத்த விகாரையின் பெயர்ப்பலகையும் அவ்வெழுத்திலேயே நிற்கிறது.

‘சாய்’ என்பது சீனத்திலிருந்து வந்த சொல். தூய்மைக்காக விலக்கி உண்பது என்பதே அதன் மூலக்கருத்து. ‘அன் சாய்’ என்றால் பௌத்தருக்குப் புலால் இல்லாத உணவு. அதே ‘அன் சாய்’தான் வியட்நாமியக் கத்தோலிக்கருக்கு ஒருசந்தி! இறைச்சியை விலக்கும் சுத்தபோசனத்தை அவர்கள் ‘கியெங் தித்’ என்பர். ஒரு சொல், இரு மறையினரின் வாயிலும் நோன்பையே குறிக்கிறது.

பெருங்காயமும் வல்லாரையும்

1914இல் கட்டப்பட்ட பென் தான் சந்தையருகே நடை தொடங்கிற்று. முதலில் கிடைத்தது ‘பான் மீ’. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற நீள ரொட்டி அது. அதைப் பிளந்து, பொரித்த சோயாக் கட்டி, புளிக்கவைத்த முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி, மிளகாய் ஆகியவற்றை வைத்துத் தருகிறார்கள்.

அந்நாட்டுச் சமையலின் உயிர்நாடி மீன் சாறு. நெத்திலியையும் உப்பையும் பல மாதம் ஊறவைத்து வடிப்பது. காய்கறிக் குழம்பிலும் ஒரு கரண்டி விழுந்துவிடும். சாய் கடையில் அதற்குப் பதிலாக அவரைச் சாறு. அன்னாசிப் பழத்தைக் கொண்டு செய்யும் உப்புச் சாறும் உண்டு. கண்டிப்பான பௌத்த சமையலில் வெங்காயம், பூண்டு உட்பட மணம் மிகுந்த ஐந்து பொருள்களும் கூடா. அந்த ஐந்தில் ஒன்று நம் பெருங்காயம் என்பர் அறிஞர். நம் சைவச் சமையல் நெய்யையும் தயிரையும் பெருங்காயத்தையும் நம்பி நிற்கிறது. அவர்கள் சமையலோ இவை மூன்றுமின்றி, காளானையும் தேங்காய்ப்பாலையும் அவரையையும் கொண்டு சுவை கூட்டுகிறது.

சந்தையிலிருந்து சற்றுத் தொலைவில், துருவோங் தின் தெருவில், மாரியம்மன் கோயில் கோபுரம் கண்ணில் பட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் குடியேறிய தமிழர் எழுப்பியது. இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

அப்பால் ஒரு பெண் அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, சூடான சட்டியில் வார்த்தார். ‘சொய்’ என்ற ஓசை எழுந்தது. அந்த ஓசையே பெயராகி, ‘பான் செயோ’ என வழங்குகிறது. பாசிப்பயறும் முளைப்பயறும் காளானும் வைத்து மடித்த அதை நம் தோசைக்குத் தங்கை எனலாம். ‘பான் கொட்’ என்பது குழிச்சட்டியில் வேகும் சிறு பலகாரம். பணியாரத்தை அறிந்த எவருக்கும் அறிமுகம் வேண்டாம். தாகத்துக்குப் பச்சை நிறத்தில் ஒரு குவளை வந்தது. பருகினேன். வல்லாரை! நம் வீட்டில் பிள்ளைகள் முகம் சுளிக்கும் கீரையை அங்கே பிள்ளைகள் சர்க்கரையும் பனிக்கட்டியும் சேர்த்துக் கேட்டு வாங்கிப் பருகுகிறார்கள்.

நேர்ச்சை

நான்காவது கடையில் சிறு நாற்காலிகளில் அமர்ந்தோம். முழங்கால் நெஞ்சைத் தொடும் உயரம் அது. கடைக்கார அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். மற்ற நாள்களில் நண்டுக் குழம்பில் அரிசிச் சேவை விற்பவர். அன்று தக்காளியும் சோயாக் கட்டியும் இட்ட சாறு.

ஏன் இந்த மாற்றம் என்று கேட்கச் சொன்னேன். வழிகாட்டி மொழிபெயர்த்தார். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாயார் நோயுற்றபோது, மாதம் இரு நாள் தாம் புலால் தொடுவதில்லை, விற்பதுமில்லை என்று நேர்ந்துகொண்டாராம். “தாயார் குணமானார்களா?” என்றேன். இல்லை, இறந்துவிட்டார்.

“பிறகு ஏன் இன்னும்?”

அம்மையார் என்னை வியப்புடன் பார்த்தார். “அம்மாவுக்காக என்றுதான் நேர்ந்தேன். அவர் இறந்தால் என் அம்மா இல்லையென்று ஆகிவிடுமா?”

எனக்குப் பேச்சு எழவில்லை. நேர்ச்சை என்றதும், கேட்டது கிடைத்ததா என்று கணக்குப் பார்ப்பது நம் வழக்கம். கிடைத்தால் மொட்டை, கிடைக்காவிட்டால் மனத்தாங்கல். அவரோ கணக்கை மூடிவிட்டு அன்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த கடையில் வேறொரு கேள்வி எழுந்தது. அவரைப்பாலின் ஆடையை அடுக்கடுக்காகச் சுருட்டி முழு மீன் வடிவில் செய்து வைத்திருந்தார்கள். கோதுமை மாவை நீரில் அலசி எஞ்சும் பசையை இறைச்சித் துண்டுபோல் வெட்டியிருந்தார்கள். “வேண்டாம் என்று விலக்கிவிட்டு, அதன் உருவத்தை ஏன் தேட வேண்டும்? நாவை ஏமாற்றும் வேலை அல்லவா?” என்றேன்.

வழிகாட்டிப் பெண் சிரித்தார். “என் பாட்டியும் இதைச் செய்வார், பாக். தமக்காக அல்ல. விரதம் பழகாத விருந்தினர் வந்தால் அரைவயிறாகப் போகக் கூடாதே என்று.”

தம் நோன்பைப் பிறர்மேல் சுமத்தாமல், அவர்களையும் மனமகிழ்ந்து பந்தியில் அமர்த்தும் நோன்பு! எனக்கு நம் வெள்ளிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. இறைச்சி கூடாதென்று வஞ்சிர மீனை விலை பாராமல் வாங்கி, வறுத்தும் குழம்பு வைத்தும் உண்டுவிட்டு, கட்டளையைக் காத்துவிட்டதாக எண்ணிய நாள்கள் எத்தனை! போலி மீனைப் பார்த்து நகைத்த நான், உண்மை மீனைக்கொண்டு போலி நோன்பு இருந்தவன்.

முச்சந்தியில் ஒரு சிலை

நடையின் இறுதிப் பகுதி உணவைப் பற்றியதன்று. சா லொய் விகாரையைக் கடந்து, நுயென் தின் சியூ தெருவும் ஆகஸ்ட் புரட்சித் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு வந்தோம். அனலின் நடுவே அமர்ந்த துறவி ஒருவரின் வெண்கலச் சிலை அங்கே உள்ளது. 1963 ஜூன் 11 அன்று திக் குவாங் தூக் என்ற முதிய துறவி அந்தச் சந்தியில் அமர்ந்து தம்மைத் தீக்கு இரையாக்கிக்கொண்டார்.

காரணத்தைக் கூற வழிகாட்டி தயங்கினார். நான் யாரென்று அவருக்குத் தெரியும். “சொல்லம்மா” என்றேன்.

அப்போதைய அதிபர் நோ தின் சியெம் கத்தோலிக்கர். அவருடைய தமையனார் ஹுவே நகரின் பேராயர். 1963 மே மாதத் தொடக்கத்தில் பேராயரின் வெள்ளிவிழாவுக்காக அந்நகரில் திருத்தந்தையின் கொடிகள் பறந்தன. சில நாள்களில் புத்தர் பிறந்தநாள் வந்தது. பௌத்தக் கொடி பறக்கக் கூடாதென்று தடை. மே 8 அன்று எதிர்த்துத் திரண்ட கூட்டத்தில் உயிர்கள் பலியாயின. ஆகஸ்டில் படையினர் சா லொய் விகாரைக்குள் புகுந்து துறவிகளைப் பிடித்துச் சென்றனர். நவம்பர் 2 அன்று அதிபரும் கொல்லப்பட்டார்.

உயிர் மாய்த்தலை நம் மறை ஏற்பதில்லை. ஆயினும் அந்த முதியவர் விட்டுச்சென்ற மடல், அதிபர் இரக்கம் காட்ட வேண்டும், எல்லாச் சமயங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்று வேண்டியது. அந்த வேண்டுகோள் ஒரு கத்தோலிக்கரை நோக்கி எழுதப்பட்டது என்பதை நாம் மறைக்கலாகாது. 1965 அக்டோபர் 28 அன்று வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்தது. சைகோன் தெருவில் அவ்வறிக்கை இரண்டு ஆண்டு முன்னரே தேவைப்பட்டிருந்தது.

சிலைமுன் சற்று நேரம் நின்று செபித்தேன். அந்தப் பெண் அருகில் கைகூப்பி நின்றார். பின் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். “சேவைக் கடை அம்மா உங்களுக்குக் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை.” பிரித்தால், வாழையிலையில் மடித்த பசையரிசிச் சோறும் பாசிப்பயறும்.

அன்பர்களே, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நமக்கு ஆண்டுதோறும் வருகின்றன. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வெள்ளிக்கிழமைகளை இன்றும் தவநாள் என்றே குறிக்கிறது. அந்நாளில் எதை விலக்கினோம் என்று மட்டும் எண்ணாதிருப்போம். நாம் விலக்கிய உணவின் விலை யார் கையில் சேர்ந்தது? நம் பந்தியில் யார் அமர்ந்தார்? அடுத்த தெருவில் விரதமிருக்கும் பிறசமயத்து அண்டைவீட்டாரை நாம் நகைத்தோமா, வணங்கினோமா? குடும்பமாக அமர்ந்து இம்மூன்றையும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கேட்டுக்கொண்டால் போதும்.

அந்தச் சோற்றை விடுதிக்குக் கொண்டுபோய் நண்பருடன் பகிர்ந்து உண்டேன். பல ஆண்டுகளுக்குப் பின் நான் உண்ட உண்மையான சுத்தபோசனம் அது.