நிழல் எங்கே போச்சு? ஃப்ரேம் டைம்லைனைப் படிக்கிறது எப்படி

"ரெண்டர்டாக்ல ஒரு ஃப்ரேமைப் பிடிச்சுட்டேன், மேலே நீளமா ஒரு பட்டை வருது, அதை வெச்சு என்ன பண்றது?" போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் கேட்டது இதுதான். இன்னைக்கு அந்தப் பட்டையைப் பத்தி மட்டும் பேசலாம். பட்டன் பட்டனா விளக்காம, எனக்கு நடந்த ஒரு விஷயத்தை வெச்சே சொல்றேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். கண்டெய்னர் கிரேன் ஓட்டக் கத்துக்கிறவங்களுக்கு சிமுலேட்டர் செஞ்சு தர்ற ஒரு சின்ன கம்பெனியில வேலை பார்த்தேன். எங்க பக்கம் அந்தத் தொழிலுக்குக் குறைச்சல் இல்லை. சென்னைத் துறைமுகத்துல கண்டெய்னருக்குன்னு தனி முனையம் 1983-லயே வந்தாச்சு. அப்புறம் எண்ணூர், காட்டுப்பள்ளி.

கப்பல்ல இருந்து பெட்டி இறக்குற கிரேன்ல, ஆபரேட்டர் கேபின் பத்து மாடி உயரத்துல தொங்கும். அவர் முன்னாடி பார்க்கிறதைவிட காலுக்குக் கீழே, தரைக் கண்ணாடி வழியா பார்க்கிறதுதான் அதிகம். கீழே கம்பிக் கயிற்றுல ஸ்ப்ரெடர் தொங்கும். பெட்டியைப் பிடிச்சுத் தூக்குற இரும்புச் சட்டம் அது. அதோட நாலு மூலைப் பூட்டும் பெட்டியோட நாலு மூலை ஓட்டையில போய் உட்காரணும். நேர் மேலே இருந்து பார்க்கும்போது உயரம் சரியா பிடிபடாது. வெயில் நேரத்துல ஸ்ப்ரெடரோட நிழல் பெட்டி மேல விழும். சட்டமும் நிழலும் நெருங்கி வர்றதைப் பார்த்து, இன்னும் எவ்வளவு இறக்கணும்னு கண்ணு கணக்குப் போடும்.

எங்க சிமுலேட்டரைச் சோதிச்சுப் பார்க்க ராயபுரத்துல இருந்து ஒரு அண்ணன் வருவார். ரொம்ப வருஷம் கிரேன் ஓட்டினவர். பத்து நிமிஷம் ஓட்டிட்டு இறங்கி வந்தார். "இன்னா தம்பி, நெழல் எங்க? மேல இருக்கசொல்லோ தெரியுது, கீழ எறக்கசொல்லோ காணோம். இதுல பழகின பசங்கள நாளைக்கு கப்பல் மேல உட்டா இன்னா ஆவும்? கீழ ஆளுங்க நிப்பாங்கப்பா."

நான் ஷேடர்லதான் தப்புன்னு முடிவு பண்ணிட்டு ரெண்டு நாள் அதையே நோண்டினேன். ஒண்ணும் நகரலை. மூணாவது நாள்தான் ரெண்டர்டாக்கைத் திறந்தேன். பால்டர் கார்ல்சன் எழுதின கருவி, 2014-ல திறந்த மூலமா வெளியானது, இலவசம். நிழல் காணாமப் போற நேரம் பார்த்து எஃப்12 அழுத்தினேன். ஒரு ஃப்ரேம் மாட்டுச்சு.

ஒரு ஃப்ரேம்னா நமக்கு ஒரு படம். ஜிபியுவுக்கு அது வரிசையா வர்ற ஆயிரத்துச் சொச்சம் கட்டளை. இதை அழி, இங்கே வரை, இந்தப் பெட்டியை வரை, அந்தக் கயிற்றை வரைன்னு. எண்ணூர் நெடுஞ்சாலையில துறைமுக கேட்டுக்கு நிக்கிற டிரெய்லர் வரிசையை நினைச்சுக்கோங்க. டைம்லைன் அந்த கேட்டுல இருக்கிற நோட்டுப் புத்தகம் மாதிரி. எந்த வண்டிக்குப் பின்னாடி எந்த வண்டி போச்சுன்னு அதுல இருக்கும். ஒரு வண்டி கேட்டுல ரெண்டு மணி நேரம் நின்னிருந்தாலும் நோட்டுல அதுக்கு ஒரு வரிதான்.

புதுசா வர்றவங்க பெரும்பாலும் இங்கேதான் சறுக்குறாங்க. பெயர் டைம்லைன்னு இருக்கு; ஆனா ரெண்டர்டாக்ல அந்தப் பட்டையோட அகலம் நேரத்தைக் காட்டாது, கட்டளைகளோட எண்ணிக்கையைத்தான் காட்டும். அகலமான கட்டம் வேகமா முடிஞ்சிருக்கலாம், ஒல்லியான கட்டம் ஃப்ரேம்ல பாதி நேரத்தைத் தின்னிருக்கலாம். நொடிக்கு 60 ஃப்ரேம் வேணும்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.67 மில்லி செகண்ட்தான். அது எங்கே போகுதுன்னு துல்லியமா பார்க்க என்சைட், பிக்ஸ் மாதிரி நேரம் அளக்கிற கருவிக்குப் போங்க. ரெண்டர்டாக்ல கடிகாரம் போட்ட ஒரு பட்டன் இருக்கு, அது தோராயத்துக்கு ஆகும்.

ரெண்டாவது விஷயம். பட்டையில ஒரு இடத்துல கிளிக் பண்ணா, ஃப்ரேமை முதல்ல இருந்து அந்தக் கட்டளை வரைக்கும் அது திரும்ப ஓட்டிக் காட்டும். அதனால நடுவுல கிளிக் பண்ணா பாதி வரைஞ்ச படம்தான் தெரியும், பயப்படாதீங்க. அந்தப் பாதிப் படம்தான் நமக்கு வேணும். நடுவுல ஒரு கிளிக்: இங்கே சரியா இருக்கா? இருந்தா வலது பாதி, இல்லைன்னா இடது பாதி. பத்துப் பன்னிரண்டு கிளிக்ல ஆயிரம் கட்டளையும் ஒண்ணுல வந்து நிக்கும். மவுஸ் சக்கரத்தை உருட்டினா பட்டை விரியும், பிடிச்சு இழுத்தா நகரும்.

எனக்கு அவ்வளவு கிளிக்கூட தேவைப்படலை. டெக்ஸ்சர் வியூவர்ல ஷேடோ மேப்பைத் தேர்ந்தெடுத்தேன். சூரியன் இருக்கிற இடத்துல இருந்து பார்த்தா என்னென்ன தெரியும்னு பதிஞ்சு வெக்கிற டெக்ஸ்சர் அது. தேர்ந்தெடுத்ததும் பட்டையோட அடியில சின்னச் சின்ன முக்கோணங்கள் வந்துச்சு. அந்த டெக்ஸ்சரை எந்தெந்தக் கட்டளை எழுதுது, எது படிக்குது, எது அழிக்குதுன்னு நிறம் நிறமா காட்டும். நான் எதிர்பார்த்தது ஒரு முறை எழுதுறது, அப்புறம் படிக்கிறது. அங்கே இருந்ததோ: எழுது, அழி, மறுபடி எழுது, அதுக்கப்புறம்தான் எல்லா வாசிப்பும்.

அழிக்கிற முக்கோணத்துக்கு முந்தின கட்டளையில கிளிக் பண்ணேன். ஸ்ப்ரெடர் பதிஞ்சிருந்துச்சு. அடுத்ததுல கிளிக் பண்ணேன். காலி.

எங்க சிமுலேட்டர்ல ரெண்டு கேமரா: முன் கண்ணாடிக்கு ஒண்ணு, தரைக் கண்ணாடிக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே ஷேடோ மேப். தரைக் கேமராவுக்கான நிழலைப் பதிஞ்சு, அதைப் படிக்கிறதுக்கு முன்னாடியே அழிச்சு, முன் கேமராவுக்காகத் திரும்பப் பதிஞ்சிருக்கோம். செலவைக் குறைக்கிறேன்னு, அந்தந்தக் கேமராவுக்குத் தெரியற பொருளை மட்டும் பதியற மாதிரி எழுதினது யாருன்னா, நான்தான். ஸ்ப்ரெடர் உயரத்துல இருக்கிற வரைக்கும் முன் கண்ணாடியிலயும் தெரியும், அதனால நிழல் இருந்துச்சு. இறக்க இறக்க முன் கண்ணாடியை விட்டு வெளியே போகும், நிழலும் போயிடும். அண்ணன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. ஷேடர்ல ஒரு தப்பும் இல்லை.

திருத்தம் சின்னது. ஒரு கேமராவுக்குப் பதிஞ்சு, அதை வரைஞ்சு முடிச்சுட்டுதான் அடுத்த கேமராவுக்கு அழிக்கணும்னு வரிசையை மாத்தினேன். இன்னொரு ஷேடோ மேப் வெச்சிருக்கலாம், மெமரி இடிச்சுது.

கூடவே இன்னொரு வேலையும் செஞ்சேன். நம்ம புரோகிராம் கட்டளைகளுக்குப் பெயர் வெக்கலைன்னா, பட்டையில 'டெப்த் ஒன்லி பாஸ் 1', 'கலர் பாஸ் 2'ன்னு ரெண்டர்டாக் தானா வெச்ச பெயர்தான் வரும். 'தரை கேமரா நிழல்', 'முன் கேமரா நிழல்'னு மார்க்கர் போட்டேன். முன்னாடியே போட்டிருந்தா அந்த ரெண்டு நாள் மிச்சம். வல்கன், டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல் எதுவானாலும் இதுக்கு வசதி இருக்கு, சில வரிதான்.

அடுத்த வாரம் அண்ணன் வந்தார். நண்பகல் காட்சியில உட்கார்ந்து, பெட்டி மேல ஸ்ப்ரெடரை மூணு தடவை இறக்கிப் பார்த்தார். "நெழல் வந்துச்சு. கயிறு ஆட்டம் இன்னும் கம்மியா கீது"ன்னார். அது ஃபிசிக்ஸ் டீம் வேலை, அவங்ககிட்ட அனுப்பி வெச்சேன்.