பிறவிப் பிழையும் பின்வந்த காயமும்

நானூறு ரூபாய் கொடுத்து நான் கற்ற பாடம் ஒன்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பழங்காசு சேர்ப்பது என் பொழுதுபோக்கு. சென்ற ஆண்டு திருவிழாக் கடையொன்றில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்து வெண்கலக் காலணா ஒன்றைக் கண்டேன். ஒருபுறம் மன்னரின் தலை. மறுபுறமும் அதே தலை. ஆனால் குழிவாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தது. "நாணயச்சாலையிலேயே நேர்ந்த பிழை தம்பி, எளிதில் கிடைக்காது" என்றார் கடைக்காரர். தேர்வுக் கட்டணத்துக்கு அப்பா கொடுத்த பணம் கைமாறியது.

மறுநாள் எங்கள் வரலாற்றுப் பேராசிரியரிடம் பெருமையோடு அதனை நீட்டினேன். உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இந்தக் குறை காசு பிறக்கும்போது வந்ததா, பிறந்த பின் வந்ததா?"

அக்கேள்வியே இக்கலையின் திறவுகோல். காசு எவ்வாறு பிறக்கிறது? உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. இரண்டு அச்சுகளுக்கிடையே வில்லையை வைத்து அழுத்தும்போது, அச்சின் பள்ளங்களில் உலோகம் புகுந்து எழுத்தும் உருவமும் மேடாக எழுகின்றன. இதுவரை நேரும் தவறே அச்சுப் பிழை. அதன்பின் நேர்வதெல்லாம் சேதமே.

சில சான்றுகளைக் காண்போம். காசின் மீது ஒரு கோடு தெரிகிறது. அது மேடாக இருந்தால், அச்சில் ஏற்பட்ட விரிசலில் உலோகம் புகுந்திருக்கலாம். பள்ளமாக இருந்து, ஓரங்களில் உலோகம் ஒதுங்கி நின்றால் அது பிற்காலக் கீறல்.

விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. ஏற்கெனவே வெட்டிய இடத்தின்மேல் மீண்டும் வெட்டியதால் வில்லையே குறைபட்டிருக்கலாம். அப்படியானால் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர்ப்புற விளிம்பும் மழுங்கியிருக்கும். பின்னர் அரத்தால் அராவிய காசில் எதிர்ப்புறம் முழுமையாக இருக்கும். அரத்தின் தடமும் தெரியும்.

என் காசுக்கு வருவோம். அடித்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் உருவம் குழிவாகப் பதியும். அது மெய்யான பிழை. அப்பக்கத்தில் வேறு எழுத்தின் சுவடே இராது. என் காசிலோ குழிந்த தலைக்கு அடியில் 'காலணா' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகள் நசுங்கிக் கிடந்தன! இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறைப் பிடியில் இறுக்கிய வேலை அது.

விடுதி நண்பன் ஒருவன் அதனை ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டான். கட்டணம் செலுத்தும் நாளோ நெருங்கியிருந்தது. மனம் தடுமாறியது உண்மை. ஆயினும் நசுங்கிய எழுத்துகளைக் காட்டினேன், அவன் வாங்கவில்லை. அப்பாவிடமும் நடந்ததைச் சொல்லி ஏச்சு வாங்கினேன்.

அவ்வாரமே பாட்டியின் சுருக்குப்பையில் 1944ஆம் ஆண்டின் ஓட்டைக் காலணா ஒன்றைக் கண்டேன். போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த 1943 முதல் 1947 வரை வெளிவந்த வகை அது. துளை நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருந்ததால், கெட்ட காசென்று முன்பே நான் ஒதுக்கியது. இப்போது உற்று நோக்கினேன். மாலையில் கோக்கப் பிற்காலத்தில் துளைத்திருந்தால் நடுத்துளையும் இருக்க வேண்டுமல்லவா? இருந்தது ஒரே துளை. பிறவிப் பிழையேதான்!

"விற்கவா பாட்டி?" என்றேன். "உங்க தாத்தா கொடுத்ததுடா" என்று வாங்கி முடிந்துகொண்டார்.

– மூன்றாமாண்டு மாணவன், வரலாற்றுத் துறை